ஔவை தி. க. சண்முகம்
(ஆறு வயதில் அரங்கேறிய கலைஞரின் வரலாறு)

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றினர் நம் முன்னோர். இவற்றுள் இயற்றமிழைப் புலவர் காத்தனர். இசைத் தமிழைக் கோயில்களும் செல்வர்களும் காத்தனர். நாடகத் தமிழுக்கு மட்டும் நெடுங்காலம் அத்தகைய ஆதரவு வாய்க்கவில்லை. கூத்தாடி என்னும் சொல்லே ஏசலாக வழங்கியது. நாடகக்காரர் குடும்பத்துக்குப் பெண் கொடுக்கவும் வீடு கொடுக்கவும் தயங்கிய ஊர்கள் பல இருந்தன. அப்படிப்பட்ட ஒரு நாடகக் குடும்பத்தில் பிறந்து, பால் மணம் மாறாத பருவத்திலேயே மேடையேறிப் பாடி நடித்து, பின்னர் நாடகத் தமிழுக்கே ஒரு மதிப்பைத் தேடித் தந்தவர் ஔவை தி. க. சண்முகம். அவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலரில் நம் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மாணவச் செல்வங்களே! சண்முகம் மேடையேறியபோது அவருக்கு வயது ஆறு. நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்வதற்குரிய வயதுகூட அவருக்கு அப்போது நிரம்பவில்லை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

அக்காலத்து நாடகம் எத்தகையது என்பதையும் சிறிது சொல்லியாக வேண்டும். பேசும் படம் தமிழில் 1931ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன்னர் மக்கள் கண்டு களித்தவை தெருக்கூத்தும் மேடை நாடகமுமே. நாடகம் இரவு ஒன்பது பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் வேளையில் முடியும். ஒலிபெருக்கி கிடையாது. நடிகர் பாடும் பாட்டு, கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவர் காதிலும் விழ வேண்டும். ஆகவே நன்றாகப் பாடத் தெரியாதவர் நடிகராக முடியாது. கதைத் தலைவனாக நடிப்பவரை ராஜபார்ட் என்பர். பெண் வேடம் ஏற்பவரை ஸ்திரீபார்ட் என்பர். சிரிக்க வைப்பவர் பபூன். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அமர்ந்திருப்பர்.

இவையெல்லாம் நம் தோட்டத்து முதியவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. தமிழகத்து நாடகக் குழுவினர் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி மலாயாவின் ஊர்களில் நாடகம் நடத்தியதுண்டு. அவர்களைக் கண்டும் கேட்டும், தோட்டத் தொழிலாளர்களே கோயில் திருவிழாக் காலங்களில் வேடம் புனைந்து, வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களை ஆடினர். பகலெல்லாம் பால்மரக் காட்டில் உழைத்துவிட்டு, இரவில் முருகனாகவும் அருச்சுனனாகவும் நின்ற அப்பெரியவர்கள் பாடிய பாடல்களிற் பல யாருடைய பாடல்கள் தெரியுமா? சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றியவை. அந்தச் சங்கரதாஸ் சுவாமிகளின் கையில் வளர்ந்த பிள்ளைதான் நம் சண்முகம்.

சண்முகம் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் கண்ணுசாமிப் பிள்ளை. அவர் பெண் வேடம் புனைந்து நடிப்பதிலும் பாடுவதிலும் பெயர் பெற்ற நடிகர். பெண்கள் மேடையேறுவது அரிதாயிருந்த அந்நாளில், ஆண்களே பெண்ணாக நடித்தனர் என்பதை நினைவிற் கொள்க. சண்முகத்தின் தமையன்மார் இருவர், சங்கரனும் முத்துசாமியும். தம்பி பகவதி. நால்வருமே நாடகத்துக்கென்று பிறந்தவர்கள் போல வாழ்ந்தனர். பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று உலகம் அறிந்தது இந்நால்வரையே. பழைய திரைப்படங்களைப் பார்த்த பெற்றோர்களுக்குப் பகவதியை நன்கு தெரிந்திருக்கும். 1958இல் வெளிவந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் இராவணனாகக் கம்பீரமாய் வந்தவர் அவரே.

இனிச் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிக் கூறுவோம். அவர் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தமிழிலக்கணமும் இசையும் கற்றுத் தேர்ந்த புலவர். நடிகராயும் ஆசிரியராயும் பல நாடகக் குழுக்களில் பணியாற்றினார். பெரிய நடிகர்களை வைத்துக்கொண்டு நாடகம் நடத்துவது எளிதாக இல்லை. பாடத்தை ஒழுங்காய் நெட்டுருச் செய்யாமல் வருவோரும், மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவோரும், குடித்துவிட்டு வருவோரும் அவர்களுள் இருந்தனர். எழுதியது ஒன்று, மேடையில் பேசப்பட்டது வேறொன்று. இளம் பிள்ளைகளாயின் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுத்தபடியே சொல்வார்கள் அல்லவா? ஆகவே சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தும் முறை வளர்ந்தது. 1918ஆம் ஆண்டில் சுவாமிகள் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’ என்னும் குழுவை ஏற்படுத்தினார். பெயர் நீளமாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டா. பால சபா என்றால் சிறுவர் குழு. மக்கள் வழக்கில் பாய்ஸ் கம்பெனி.

கண்ணுசாமிப் பிள்ளை தம் புதல்வர் மூவரையும் அக்குழுவில் சேர்த்தார். சங்கரனும் முத்துசாமியும் ஓரளவு வளர்ந்த பிள்ளைகள். சண்முகமோ ஆறு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தைக்கு முதலில் கிடைத்தது நாரதர் வேடம். சடைமுடி தரித்துக் கையில் வீணை ஏந்தி வரும் முனிவராக, இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு பாலகன் நின்று பாடியதைக் கண்ட மக்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பர்!

ஆனால் மேடையில் காண்பது வேறு, மேடைக்குப் பின்னே நடப்பது வேறு. பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை இனிப்புப் பண்டம் அன்று. கம்பெனி வீடு என்று ஒரு வீடு இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் அங்கேயே உண்டு, அங்கேயே பாய் விரித்துப் படுப்பர். இரவு முழுதும் நாடகம் ஆடிவிட்டுப் பகலில் சிறிது உறங்குவர். எழுந்ததும் பாடம். ஆசிரியர் ஓர் அடி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். பாட்டும் வசனமும் முழுதும் நெட்டுருவாக வேண்டும். தன் பாடம் மட்டுமன்று, பிறர் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றொருவன் அவ்வேடத்தை அன்றிரவே ஏற்க நேரும். தவறினால் பிரம்படி உண்டு. அடிக்காத வாத்தியார் நல்ல வாத்தியார் அல்லர் என்று பெற்றோரும் எண்ணிய காலம் அது. ஓர் ஊரில் சில வாரங்கள் அல்லது மாதங்கள் ஆடியபின், திரைச்சீலை, உடுப்புப் பெட்டி, விளக்கு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு குழு அடுத்த ஊருக்குப் பயணமாகும். வீட்டை நினைத்து அழும் குழந்தையைத் தேற்றத் தாய் அங்கில்லை.

பெற்றோர் ஏன் பிள்ளைகளை அனுப்பினர்? வறுமைதான் பெருங்காரணம். கம்பெனியில் சேர்ந்தால் பிள்ளைக்கு வயிறு நிறையச் சோறு கிடைக்கும். சிறு தொகை சம்பளமாக வீட்டுக்கும் வரும். கண்டியில் பிறந்து தந்தையை இழந்து கும்பகோணத்தில் வளர்ந்த எம். ஜி. இராமச்சந்திரனும் பாய்ஸ் கம்பெனியிற் சேர்ந்தது இக்காரணத்தால்தான். பின்னாளில் சிவாஜி கணேசனும் இவ்வழியே வந்தார். புகழ் பெற்றவர் சிலர். அவர்களோடு அதே பாயில் படுத்துறங்கி, பெயர் தெரியாமலே போனவர் ஆயிரவர். அவர்களையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நம் கடமை.

இதை எழுதும்போது நம் தோட்டங்களின் பழங்காலமும் நினைவுக்கு வருகிறது. விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லும் தாயோடு தானும் சென்று, மங்கு துடைத்து, வெட்டுக்கு உதவிய பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்குப் பாடத் தெரிந்திருந்தால் யார் கேட்டிருப்பார்? சண்முகத்தின் வாழ்வில் வறுமையோடு வேறொன்றும் சேர்ந்திருந்தது. குடும்பத் தொழிலே நாடகம். தச்சன் மகன் உளியைப் பிடிப்பது போல அவர் பாட்டைப் பிடித்தார். முறையான பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. அது ஒரு குறையே. குறை இல்லை என்று நாம் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆயினும் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஒரு பெரும்புலவர். இலக்கணம் வழுவாத செந்தமிழை, பொருள் அறிந்து, அசை பிரித்து, உரக்கச் சொல்லிப் பழகும் வாய்ப்பு ஒவ்வொரு நாளும் கிடைத்தது. எழுத்தை முழுதும் அறிவதற்கு முன்னரே நூற்றுக்கணக்கான பாடல்கள் அவர் நெஞ்சில் குடியேறின.

சுவாமிகளிடம் ஓர் அரிய ஆற்றல் இருந்தது. பிறர் மாதக்கணக்கில் எழுதுவதை அவர் மணிக்கணக்கில் எழுதுவார். சண்முகத்தின் திறமையைக் கண்ட அவர், இச்சிறுவனுக்கென்றே ஒரு நாடகம் எழுத எண்ணினார். அர்ச்சுனன் மகன் அபிமன்யுவையும் சுந்தரியையும் பற்றிய கதை நாட்டுப்புறங்களில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. அக்கதையை எடுத்துக்கொண்டார். ஓர் இரவு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு எழுத அமர்ந்தார். பிள்ளைகள் அனைவரும் உறங்கச் சென்றனர். மறுநாள் அவர்கள் கண் விழித்தபோது ‘அபிமன்யு சுந்தரி’ முழு நாடகமாக எழுதி முடிக்கப்பட்டிருந்தது. பாட்டும் வசனமும் சேர்ந்து பல மணி நேரம் ஆடக்கூடிய நாடகம். அடித்தல் திருத்தல் இல்லை. இந்நிகழ்ச்சியைச் சண்முகம் தம் வாழ்நாள் முழுதும் வியந்து வியந்து சொல்லிவந்தார், நூலிலும் எழுதி வைத்தார்.

ஒரே இரவில் முழு நாடகம் எழுதிய புலமையை எல்லாரும் புகழ்வர். நாம் வியப்பது வேறொன்றை. ஐம்பது வயதைக் கடந்த பெரும்புலவர் ஒருவர், தம் உறக்கத்தை விட்டு, ஒரு சிறுவனின் குரலையும் உயரத்தையும் மனத்திற் கொண்டு எழுதினார். எத்தனை சுருதியில் பாடினால் அவன் தொண்டை தாங்கும், எந்தச் சொல் அவன் வாயில் நன்றாக ஒலிக்கும் என்பதை அறிந்து எழுதினார். அந்நாடகம் அரங்கேறியதும் அபிமன்யுவாக வந்த சிறுவன் சண்முகத்தின் புகழ் ஊரெங்கும் பரவியது.

இந்த நல்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. சுவாமிகளைப் பக்கவாத நோய் தாக்கியது. பேச்சு நின்றது. கைகால் அசைவு குன்றியது. எத்தனையோ பிள்ளைகளின் நாவில் தமிழை ஏற்றிய அந்த நா அசையாது போயிற்று. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். அப்போது சண்முகத்துக்குப் பத்து வயது.

அதற்குப் பின் வந்தது, சிறுவர் நடிகர் ஒவ்வொருவரும் அஞ்சும் ஒரு பருவம். நாடகக்காரர் மொழியில் அதை மகரக்கட்டு என்பர். பதின்மூன்று பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும். நேற்றுவரை குயிலெனப் பாடிய பிள்ளை இன்று வாய் திறந்தால் கரகரவென்று வரும். மேல் சுருதி எட்டாது. குரல் எங்கே வழுக்கும் என்று அவனுக்கே தெரியாது. சிலருக்குச் சில மாதங்களில் நல்ல குரல் மீளும். சிலருக்கு மீளவே மீளாது. முதல் நாள் மாலையிட்ட மக்களே மறுநாள் கூச்சலிடுவர். குரல் உடைந்தவனுக்குக் கம்பெனியில் சிறு வேடமும் எடுபிடி வேலையுமே மிஞ்சும். அல்லது ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊருக்குத் திரும்பினால் வேறு தொழில் தெரியாது, படிப்பும் இல்லை. பாய்ஸ் கம்பெனிகளின் உண்மையான கொடுமை பிரம்படியில் இல்லை, இவ்விடத்தில்தான் இருந்தது என்பது நம் எண்ணம்.

குரல் மீண்டவர்களுக்கும் வாழ்வு நிலையாக இருந்ததா? செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் இளமையில் தமையன்மாரோடு மேடையேறியவரே. அவரைப் போலப் பாடியவர் அக்காலத்தில் எவரும் இலர் என்பர். இசைத்தட்டுகள் வழியே அவர் குரல் கடல் கடந்தும் ஒலித்தது. அவர் 1933இல் தம் இருபத்தேழாம் வயதிலேயே மறைந்தார். அவர் மனைவியார் கே. பி. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தி நெடுங்காலம் தனித்து வாழ்ந்து, பின்னர் ஔவையாராகத் திரையில் தோன்றினார். அதை மேலே சொல்வோம்.

சண்முகம் இப்பருவத்தை எவ்வாறு கடந்தார்? அவர் பாட்டை மட்டும் நம்பி நிற்கவில்லை. பேச்சை நம்பினார். சொல்லைத் தெளிவாகச் சொல்லுதல், பொருளுக்கேற்ப ஏற்றியும் இறக்கியும் பேசுதல், முகத்தாலும் கையாலும் உணர்ச்சி காட்டுதல் ஆகியவற்றில் தம் கருத்தைச் செலுத்தினார். தக்க தருணத்தில் தக்க துணையும் வந்தது. 1925ஆம் ஆண்டில் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ‘ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா’ என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கினர். சண்முகத்துக்கு அப்போது வயது பதின்மூன்று! பெரியண்ணன் சங்கரன் நிர்வாகத்தைத் தாங்கினார். முத்துசாமி கதையும் வசனமும் எழுதினார். பிறர் கம்பெனியில் சம்பளத்துக்கு உழைத்த பிள்ளைகள் தாமே ஒரு கம்பெனியின் உரிமையாளர் ஆயினர்.

சபாவுக்கு ஆசிரியராக வந்தவர் எம். கந்தசாமி முதலியார். நடிகர் எம். கே. இராதாவின் தந்தையார் அவர். இராசா இராணிக் கதைகளும் புராணக் கதைகளுமே நாடகமாயிருந்த காலத்தில், நம்மைப் போன்ற குடும்பங்களின் கதையை மேடையில் ஏற்றியவர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவல் இவ்வாறு நாடகமாயிற்று. சமூக நாடகத்தில் பாட்டுக் குறைவு, பேச்சு மிகுதி. குரல் உடைந்த பிள்ளைகளுக்கும் அங்கு இடம் கிடைத்தது. சுவாமிகள் செந்தமிழைத் தந்தார். முதலியார் நடிப்பைத் தந்தார். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ நாடகத்தில் மனோகரனாக நின்று சண்முகம் முழங்கிய முழக்கம் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது.

நாடு விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ நாடகத்தைச் சகோதரர்கள் ‘தேசபக்தி’ என்னும் பெயரில் நடித்தனர். பாரதியார் பாடல்களை மேடையில் பாடினர். அரசாங்கத்தின் கண் தங்கள்மேல் விழும் என்பதை அறிந்தே அவர்கள் இதைச் செய்தனர். குழு கலைந்தால் அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு யார் போடுவார் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்திருக்கும்.

சபாவில் வளர்ந்தவர்களின் பெயர்களைச் சொன்னால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். இராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம், எஸ். எஸ். இராசேந்திரன், ஏ. பி. நாகராசன் முதலியோர் அங்குப் பயின்றவர்களே. இவர்களுள் கடைசிப் பெயரை மறவாதீர்கள். அழகிய சிறுவனாயிருந்த நாகராசன் அங்குப் பெண் வேடமிட்டு நடித்துப் பெயர் பெற்றார்.

1935இல் ‘மேனகா’ திரைப்படமாயிற்று. இராஜா சாண்டோ இயக்கினார். சகோதரர்கள் அதில் நடித்தனர். என். எஸ். கிருஷ்ணனுக்கு அதுவே முதற்படம். ‘குமாஸ்தாவின் பெண்’ 1941இல் படமாக வந்தது. அக்காலத்தில் திரைப்படம் நாடகக் கொட்டகைகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. நாடகக் கொட்டகைகள் பல சினிமாக் கொட்டகைகளாக மாறின. நடிகர்கள் பட்டணத்துக்கு ஓடினர். படத்தில் கிடைத்த பணத்தைப் பார்த்த பின்னும் சகோதரர்கள் நாடகத்தை விடவில்லை.

இனி, சண்முகம் ‘ஔவை’ சண்முகம் ஆன வரலாறு. 1940களின் தொடக்கத்தில் சபா ‘ஔவையார்’ நாடகத்தை மேடையேற்றியது. ஔவையாராக நடிக்க வேண்டும். யார் நடிப்பது? முப்பது வயது நிரம்பிய சண்முகம் தாமே அவ்வேடத்தை ஏற்றார். நரைத்த தலை, கூனிய முதுகு, கையில் கோல், நடுங்கும் குரல். ஆண்மகன் ஒருவர் மேடையில் நிற்கிறார் என்பதையே மக்கள் மறந்தனர். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் இயற்றிய பாட்டி நேரே எழுந்து வந்தாற்போல் இருந்ததென்று கண்டவர் கூறுவர். அன்று முதல் அவருடைய பெயருக்கு முன்னே ஔவை என்னும் சொல் ஒட்டிக்கொண்டது. தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்தால் புகழ் பெற்றவர் என்று முன்னரே கூறினோம். மகனும் ஒரு பெண் வேடத்தாலேயே நிலைத்த பெயர் பெற்றார். தந்தை புனைந்தது இளம் நங்கையர் வேடம். மகன் புனைந்தது பல் போன மூதாட்டி வேடம்.

பிறகு 1953இல் ஜெமினி நிறுவனத்தார் ‘ஔவையார்’ படத்தை எடுத்தபோது கே. பி. சுந்தராம்பாள் அப்பாத்திரத்தை ஏற்றார். திரையில் ஔவையார் என்றால் சுந்தராம்பாள். மேடையில் ஔவையார் என்றால் சண்முகம். சுந்தராம்பாளும் சிறுமியாய் இருக்கும்போதே பாடிப் பிழைக்க மேடையேறியவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

நாடகத்தை நடத்துவதோடு சண்முகம் நிற்கவில்லை. நாடகக்காரரை ஒன்று சேர்க்க விரும்பினார். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு ஒன்றைச் சகோதரர்கள் முன்னின்று கூட்டினர். புதிய நாடகம் எழுதுவோர்க்குப் பரிசு வைத்துப் போட்டி நடத்தினர். கூத்தாடி என்று ஏசப்பட்டவர்கள் மாநாடு கூட்டித் தம் கலையைப் பற்றிப் பேசிய காட்சியை எண்ணிப் பாருங்கள். ஊர் ஊராகச் சுற்றும் குழுவைப் பேணுவது நாளுக்கு நாள் கடினமாயிற்று. பெருங்குழுவைக் கலைக்கும் நிலையும் வந்தது. எனினும் சென்னையில் தங்கி நாடகங்கள் நடத்தி வந்தனர். 1955இல் அரு. இராமநாதன் எழுதிய ‘இராஜராஜ சோழன்’ நாடகத்தை மேடையேற்றினர். 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி கணேசன் வ. உ. சிதம்பரனாராக நடிக்க, சண்முகம் சுப்பிரமணிய சிவாவாக நடித்தார். அப்படத்தைப் பார்த்த நம் பெற்றோர், சிவாவாக வந்து வீரவுரை ஆற்றிய அந்த மனிதர் யாரென்று இப்போது அறிந்திருப்பர். சங்கீத நாடக அகாதெமி விருது 1962இல் அவருக்குக் கிடைத்தது. பத்மஸ்ரீ பட்டமும் பின்னர் வந்தது.

பள்ளிக்கூடம் காணாத அப்பிள்ளை பல நூல்களின் ஆசிரியரானதும் ஒரு செய்தி. ‘நாடகக் கலை’ என்னும் நூலை எழுதினார். தம் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றித் ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்னும் நூலை எழுதினார். மதுரையில் சுவாமிகளுக்குச் சிலை அமையப் பாடுபட்டார். ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் அவருடைய தன்வரலாறு 1972இல் வெளியாயிற்று. அந்நாளைய நாடகக் கம்பெனிகளைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றிற் பெரும்பகுதி அந்நூலிலிருந்து வந்ததே. தம்மோடு நடித்த சிறுவர்கள், சமையற்காரர், ஆர்மோனியம் வாசித்தவர் என யாரையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. முன்னே நாம் பெயர் தெரியாதவர்கள் என்று குறிப்பிட்டோமே, அவர்களிற் சிலருக்கேனும் அந்நூலில் பெயர் இருக்கிறது.

குழந்தைகளை வைத்து நாடகம் நடத்தும் ஆசை கடைசிவரை அவரை விடவில்லை. ‘அப்பாவின் ஆசை’ என்னும் குழந்தைகள் நாடகத்தை அவர் நடத்தினார். இம்முறை கம்பெனி வீடும் இல்லை, பிரம்பும் இல்லை. ‘களத்தூர் கண்ணம்மா’ படத்தில் குழந்தை நட்சத்திரமாக வந்த கமல்ஹாசனும் அந்நாடகத்தில் நடித்தார். அவர் சண்முகத்தைத் தம் ஆசிரியராகவே போற்றி வருபவர். 1996இல் தாம் மூதாட்டி வேடமிட்டு நடித்த நகைச்சுவைப் படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வந்தது இவரை நினைந்தே. அப்படத்தைத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்துச் சிரித்திருக்கும் நம் மாணவர்கள், அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதை இனி வீட்டிலுள்ளோர்க்குச் சொல்லலாம். சென்னையில் லாயிட்ஸ் சாலை என்று வழங்கிய பெருஞ்சாலைக்கும் ஔவை சண்முகம் சாலை என்று பெயர் சூட்டப்பட்டது.

சண்முகம் 1973ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15ஆம் நாள் மறைந்தார். அறுபத்தோராம் வயது நிறைய இன்னும் இரண்டு திங்கள் இருந்தன. அதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின், மார்ச் 31ஆம் நாள், ‘இராஜராஜ சோழன்’ திரைப்படம் வெளிவந்தது. தமிழில் முதன்முதலாகச் சினிமாஸ்கோப் முறையில் அகன்ற திரைக்கென எடுக்கப்பட்ட படம் அது. சகோதரர்கள் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மேடையேற்றிய அதே நாடகம்தான் அப்படம். இயக்கியவர், முன்னாளில் அவர்கள் சபாவில் சிறுவனாகப் பெண் வேடமிட்டு நின்ற ஏ. பி. நாகராசன்.